வெள்ளோட்டம் விடாத தேர்

போன வாரம் பழைய சம்பளப் பட்டியல் ஒன்றைத் தேடி இரும்பு பீரோவைக் குடைந்துகொண்டிருந்தபோது அந்த நீலக் கோப்பு கையில் சிக்கியது. முதுகில் என் கையெழுத்திலேயே ‘பிசிபி – மாக் டிரில்’ என்று எழுதியிருந்தது. ஏதாவது பெரிய இடைஞ்சல் வந்தால் வேலை நின்றுபோகாமல் எப்படிச் சமாளிப்பது என்று ஒரு திட்டம், அதை வருஷத்துக்கு ஒருமுறை நடத்திப் பார்த்ததற்கான அறிக்கைகள். கீழேயிருந்து ஆறு அறிக்கைகளைப் புரட்டினேன். ஆறிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘பயிற்சி வெற்றிகரமாக நடந்து முடிந்தது. குறைகள் ஏதும் காணப்படவில்லை.’ ஆறையும் எழுதியவன் நானேதான். மூன்றாம் வருஷ அறிக்கையிலும் ஐந்தாம் வருஷ அறிக்கையிலும் ஒரே போட்டோ ஒட்டியிருக்கிறது. தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள், ஒருவர் சிரிக்கிறார். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இப்போது நானே சொல்லிவிட்டேன்.

அதற்கு மேல் இருக்கிற ஏழாவது அறிக்கை வேறு மாதிரி. அதை எழுதியதிலிருந்து எனக்குள் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. செய்தது சரிதானா என்று இன்னும் முடிவாகவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியுமா என்றுதான் இது.

நான் மேனேஜராக வேலை பார்ப்பது கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலை. சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவர்கள் பறித்துத் தருகிற இலையை வாங்கித் தூளாக்கிக் குன்னூர் ஏலத்துக்கு அனுப்புகிறோம். கொஞ்சம் நேரடியாகப் பாக்கெட் கம்பெனிக்கும் போகிறது. அந்தக் கம்பெனிக்காரர்கள்தான் ஒருநாள், ‘உங்களிடம் தொடர்ச்சித் திட்டம் இருக்கிறதா? ஒத்திகை பார்க்கிறீர்களா? ஆதாரம் கொடுங்கள்’ என்று கேட்டு அனுப்பினார்கள். கோவையில் ஒரு ஆலோசகரைப் பிடித்தோம். அவர் ஒரே வாரத்தில் 60 பக்கத் திட்டம் ஒன்றைத் தந்தார். அதில் ‘சுனாமி வந்தால் செய்ய வேண்டியவை’ என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது. கோத்தகிரி கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த ஒன்றரைப் பக்கத்தை நான் நீக்கவில்லை. நீக்கினால் பக்க எண் மாறும், பொருளடக்கம் மாறும், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். என் அன்றைய மனநிலை புரிய இது ஒன்று போதும்.

இலை காத்திருக்காது

தேயிலைத் தொழிற்சாலையில் ‘எவ்வளவு நேரத்துக்குள் மீண்டு வர வேண்டும்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆலோசகர் தேவையில்லை. இலையே சொல்லிவிடும். நாளொன்றுக்கு 12,000 கிலோ இலை வரும் சீசனில், வந்த இலையைத் தொட்டிகளில் பரப்பி அடியிலிருந்து விசிறியால் காற்று விட்டு வாட்டுவோம். பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் ஆகும். கரண்ட் போய் விசிறி நின்றால் ஈர இலை குவிந்த இடத்திலேயே சூடேற ஆரம்பிக்கும். தொட்டிக்குள் கையை விட்டால் கோழி அடைகாக்கிற இடத்தில் கை வைத்த மாதிரி இருக்கும். நாலைந்து மணி நேரம் யாரும் கிளறிவிடாமல் போனால் காம்பு சிவக்கும், மணம் மாறும். அப்புறம் அந்த இலையை என்ன செய்தாலும் தூளில் அது தெரிந்துவிடும். ஏறத்தாழ நாலு கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் கணக்கு. ஒரு நாள் இலை போனால் மூவாயிரம் கிலோ தூள் போச்சு.

அதைவிட மோசமானது தூளை உலர்த்துகிற டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது. அடுப்பில் விறகு எரிகிறது, காற்றடிக்கும் புளோயர் நின்றுவிடுகிறது. சூடு போக வழியில்லாமல் குழாய்கள் சிவக்கும். உடனே அடுப்பிலிருந்து தீயை இழுத்து வெளியே போட வேண்டும். கையில் கம்பியோடு ஒருவர் அங்கே நின்றாக வேண்டும். அந்த ஒருவர் அந்த நேரத்தில் டீக்கடைக்குப் போயிருந்தால் என்ன என்பது எங்கள் 60 பக்கத்தில் எங்கும் இல்லை.

எங்கள் ஆறு ஒத்திகைகளும் எப்படி நடந்தன? செவ்வாய்க்கிழமை காலை 11 மணி. வெயில் நன்றாக இருக்கும். தொட்டியில் இலை இருக்காது, அதாவது இலை இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வைப்போம். முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லியாகிவிடும். பெல் அடிப்பேன். எல்லோரும் வாசலுக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். தலை எண்ணுவோம். ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு நிறுத்துவோம். போட்டோ. டீ, வடை. கையெழுத்து. 11:40க்கெல்லாம் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடலாம். வடை நன்றாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒத்திகையில் குறை சொல்ல முடியாத ஒரே அம்சம் அதுதான்.

இத்தனைக்கும் நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. 2009 நவம்பர் மழையில் குன்னூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அந்த நவம்பர் 10 அன்று கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பதிவானது. மேட்டுப்பாளையம் சாலை பல இடங்களில் பெயர்ந்து போய்விட்டது, மலை ரயில் நின்றுவிட்டது, எத்தனையோ பேர் வீட்டோடு மண்ணுக்குள் போனார்கள். நாங்கள் இலையைக் குழி வெட்டிக் கொட்டினோம். வாட்டிய இலையை மண்வெட்டியால் அள்ளிக் குழியில் போடுகிற சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சத்தமே இருக்காது என்பதுதான் ஞாபகம். அதைப் பார்த்தவன்தான் பின்னாளில் ‘மாற்று வழி: குன்னூர் சாலை’ என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோத்தகிரி சாலையும் குன்னூர் சாலையும் மேட்டுப்பாளையத்தில்தான் போய்ச் சேர்கின்றன. இரண்டும் ஒரே மழையில்தான் நனைகின்றன. சீசனில் வண்டிகள் ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று போலீஸ் பிரித்துவிடும்போது வேண்டுமானால் அவை இரண்டு சாலைகள்.

நாலு சீட்டு

ஏழாவது வருஷம் ஒத்திகைக்கு நாள் குறித்தபோது நல்ல மழை. வாசலில் வரிசையாக நிற்க முடியாது. சரி, இந்தத் தடவை உள்ளேயே உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம் என்றேன். டேபிள்டாப் என்று சொல்வார்கள், ஒரு நிலைமையைக் கற்பனையாகச் சொல்லி, யார் என்ன செய்வீர்கள் என்று வாய்வழியாகவே ஓட்டிப் பார்ப்பது. மதியச் சாப்பாடு முடிந்து, தூள் சலிக்கிற அறையில் மூட்டைகள் மேல் 14 பேர் உட்கார்ந்தோம். தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீ மேக்கர், ஃபிட்டர், டிரையர்மேன், இலை எடை போடுகிற அக்கா, வாட்ச்மேன், டிரைவர் இரண்டு பேர், மற்றவர்கள். நிலைமையை நானே சொல்வதற்குப் பதிலாக ஒரு யோசனை வந்தது. எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஆளுக்கு ஒன்று எழுதச் சொன்னேன். ‘எது நடந்தால் இந்த ஃபேக்டரி நின்றுபோகும் என்று பயப்படுகிறீர்கள்? பேர் எழுத வேண்டாம்.’ பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம்.

மூன்று சீட்டில் தீ. மூன்றில் மண்சரிவு, அதில் ஒன்று நான் எழுதியது. இரண்டில் கரண்ட். ஒன்றில் ‘கரடி’ என்று மட்டும் இருந்தது. கோத்தகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ராத்திரி ஷிஃப்டுக்கு நடந்து வருகிற யாரோ எழுதியது. ஒன்றில் சம்பளம் தாமதமானால் என்று இருந்தது. மிச்சம் நாலு சீட்டு. நாலும் வேறு வேறு கையெழுத்து. ‘மேனேஜர் சார் ஊரில் இல்லாவிட்டால்.’ ‘சார் போன் எடுக்காவிட்டால்.’ ‘மேனேஜர் கீழே மாட்டிக்கிட்டா.’ நாலாவதில் இரண்டே வார்த்தை: ‘சாருக்கு ஏதாவது.’ முடிக்கவில்லை.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது. நாலு பேர் என்னை மண்சரிவுக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களின் முகங்களைத் தேடினேன், யாரும் நிமிரவில்லை. அப்போது எடை போடும் அக்கா, ‘அப்படின்னா சார், அதையே எடுத்துக்கலாமே. நீங்க மேட்டுப்பாளையத்துல இருக்கீங்க. மரம் விழுந்து ரோடு அடைச்சிருச்சு. போன் போகலை. நீங்க பேசக் கூடாது’ என்றார். நான் சிரித்துக்கொண்டே எழுந்து மூலையில் காலிச் சாக்கு அடுக்கின் மேல் போய் உட்கார்ந்தேன்.

நாற்பது நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நாற்பது நிமிஷத்தை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் 4 மணி, கரண்ட் இல்லை, பத்துத் தொட்டியில் இலை என்று தொடங்கினார்கள். ‘ஜெனரேட்டர் போடு’ என்றார் டீ மேக்கர். சாவி எங்கே? என் மேஜை டிராயரில். டிராயர் சாவி? அது என் கொத்தில், கொத்து என் இடுப்பில், நான் மேட்டுப்பாளையத்தில். ‘டிராயரை உடைக்கலாம்’ என்றார் ஒரு டிரைவர். உடைக்கலாமா கூடாதா என்று ஐந்து நிமிஷம் பேசினார்கள். உடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டார்கள். டீசல் எவ்வளவு இருக்கும்? யாருக்கும் தெரியாது. பங்க்கில் கடன் தருவார்களா? ‘சார் போன் பண்ணினா தருவாங்க.’ எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்களின் பட்டியலை எடுத்தார்கள். அது சுவரில் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கும் பட்டியல், 23 எண்கள். பொறுக்க முடியாமல் ஒருவர் நிஜமாகவே ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார். ஒன்பது எண்கள் கிடைக்கவில்லை. பத்தாவதாக எடுத்தவர் ஒரு பெண். ‘அப்பா தவறிப் போய் ரெண்டு வருஷமாச்சுங்க’ என்றார். அவர் எங்கள் பழைய எலக்ட்ரீஷியன். அந்த இரண்டு வருஷமும் அந்தப் பட்டியலுக்குக் கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று என் கையெழுத்து இருக்கிறது. துக்கத்துக்குப் போய் வந்தவனும் நான்தான்.

அதெல்லாம்கூடச் சரி செய்யக்கூடியவை. சாவியை ஆணியில் மாட்டலாம், எண்ணை மாற்றி எழுதலாம். அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றுவரை என்னை விடவில்லை. எடை போடும் அக்கா கேட்டார்: ‘இப்ப சாயங்கால இலை வண்டி வந்து நிக்குது. எடுக்கறதா வேண்டாமா?’

யாரும் பேசவில்லை. தொட்டி நிறைந்திருக்கிறது, விசிறி நின்றிருக்கிறது. இன்னும் 4,000 கிலோ எடுத்தால் அதுவும் கெடும், ஏற்கெனவே இருப்பதும் கெடும். எடுக்காமல் திருப்பினால், இலையைச் சேகரித்து வண்டியில் கொண்டுவருகிற அந்த ஏஜென்ட் அடுத்த தொழிற்சாலைக்குப் போவான். போனவன் திரும்பி வருவானா தெரியாது. இலை கொடுக்கிறவனைத் திருப்பி அனுப்புவது எங்கள் தொழிலில் சாதாரண விஷயம் இல்லை. டீ மேக்கர் 22 வருஷ அனுபவக்காரர். இலையைக் கையில் எடுத்து முறித்துப் பார்த்தே எவ்வளவு வாடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவரும் வாய் திறக்கவில்லை. தெரியாமல் இல்லை. ‘வேண்டாம்’ என்று சொல்லுகிற இடத்தில் தான் இருக்கிறோமா என்பது அவருக்குத் தெரியவில்லை. எங்கள் திட்டத்தில் அதற்கான வரி இருக்கத்தான் செய்கிறது: ‘பொறுப்பான அதிகாரி உரிய முடிவை எடுப்பார்.’ அந்தப் பொறுப்பான அதிகாரி மூலையில் சாக்கு மேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

முட்டுக்கட்டை

இந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் கதவருகே நின்று கேட்டார். ‘என்ன இது, ஒத்திகைன்னு சொல்லிட்டு ஆளாளுக்கு முட்டுக்கட்டை போட்டுக்கிட்டு இருக்கீங்க? கம்பெனிக்காரன் இதைக் கேட்டா என்ன நினைப்பான்?’ என்றார். கோபம் என்று சொல்ல முடியாது. இலை விலை, ஏல விலை, வட்டி எல்லாம் சேர்ந்து அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்த மாதம் அது.

ஃபிட்டர் அண்ணன் அதிகம் பேசாத ஆள். ஊர் அவிநாசிப் பக்கம். அன்றைக்கு என்னவோ பேசினார். ‘முதலாளி, எங்க ஊர்ப் பக்கம் புதுத் தேர் செஞ்சாங்கன்னா, சாமியை ஏத்தறதுக்கு முன்னாடி வெறுந்தேரை வீதியில இழுத்துப் பார்ப்பாங்க. வெள்ளோட்டமுங்க. சக்கரம் எங்க இறங்குது, எந்தத் திருப்பத்துல வீட்டுத் திண்ணையில இடிக்குதுன்னு அப்பத்தான் தெரியும். திருப்பத்துல முட்டுக்கட்டை போட்டாத்தான் தேரே திரும்புமுங்க. போடலைன்னா நேரா போயி எதிர் வீட்டுக்குள்ள நிக்கும்.’

முதலாளி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஒப்புக்கொண்டாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்குத்தான் அந்த வார்த்தை மாட்டிக்கொண்டது. மாக் டிரில்லுக்குத் தமிழில் ஒத்திகை என்று எழுதுகிறோம். அது நாடகக்காரர்களின் சொல். ஒத்திகையில் வசனம் முன்பே எழுதியாகிவிட்டது, கதை எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும், மேடையில் தடுமாறாமல் இருப்பதுதான் நோக்கம். நாங்கள் ஆறு வருஷம் செய்தது அதுதான், அதைத் திறம்படவே செய்தோம். வெள்ளோட்டம் வேறு. அங்கே தேர் எங்கே இடிக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதற்காகவே இழுக்கிறார்கள். இடித்தால் யாரும் தலைகுனிவதில்லை. திண்ணையைக் கொஞ்சம் செதுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஜெனரேட்டரை நிஜமான பாரத்தோடு ஓட்டிப் பார்த்தோம். எங்களுடையது 125 கேவிஏ. மொத்தத் தொழிற்சாலையையும் இழுக்காது, விசிறிகளையும் டிரையரையும் இழுக்கும் என்று கணக்குப் போட்டு வாங்கியது. மெயினை இறக்கிவிட்டு, ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணி, மாற்றுச் சுவிட்சைத் தள்ளினார் ஃபிட்டர் அண்ணன். பன்னிரண்டு விசிறி மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பப் பார்த்தன. இன்ஜின் ஒரு முறை முக்கியது, விளக்கு மங்கியது, டக்கென்று டிரிப் ஆகி எல்லாம் அடங்கிவிட்டது. மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. சேர்ந்து எழும்பத்தான் முடியவில்லை. இப்போது ஒவ்வொரு விசிறிக்கும் எண் எழுதி, பத்துப் பத்து விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டும் என்று சுவிட்ச் போர்டிலேயே பெயின்டில் எழுதியிருக்கிறது. ஆறு வருஷம் பத்துப் பத்து நிமிஷம் சும்மா ஓடவிட்டதில் புகைக்குழாயில் கரி படிந்ததுதான் மிச்சம்.

இதை மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பங்கு வாங்கி விற்கிறவன். ‘மாமா, உங்க ஃபேக்டரியை விடுங்க, என்எஸ்இயிலயே இதுதான் நடந்துச்சு’ என்றான். 2021 பிப்ரவரி 24. காலை 11:40க்குத் தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. மறுபடி தொடங்கும்போது பிற்பகல் 3:45 ஆகிவிட்டது, அன்றைக்கு மாலை 5 மணிவரை நீட்டித்தார்கள். இப்படி ஒரு நாளுக்கென்றே அவர்களிடம் மாற்று மையம் இருந்தது. ஆனால் வர்த்தகத்தை அங்கே மாற்றவில்லை. மூன்று வருஷம் கழித்து 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை, விடுமுறை நாளில் சந்தையைத் திறந்தார்கள். 9:15 முதல் 10 மணிவரை வழக்கமான மையத்திலிருந்து, பிறகு 11:30 முதல் 12:30 வரை மாற்று மையத்திலிருந்து. நிஜப் பணம், நிஜ வர்த்தகம். மே 18 அன்று மறுபடியும் செய்தார்கள். ‘அன்னிக்கு நான்கூட வித்தேன்’ என்றான் மச்சான், ஏதோ தானே மையத்தை மாற்றிய மாதிரி.

அவர்கள் 2021இல் ஏன் மாறவில்லை என்பதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் சொல்லப்பட்டன, அதில் புகுந்து பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் எங்கள் டீ மேக்கரின் மௌனத்தைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. மாற்று ஏற்பாடு இருப்பது வேறு, அதற்கு மாறு என்று ஒரு ஆள் வாய் திறந்து சொல்வது வேறு. மாறாமல் காத்திருந்து கெட்டால் அது மழையின் குற்றம், மின்வாரியத்தின் குற்றம். மாறச் சொல்லி அதில் ஏதாவது கெட்டால் சொன்னவனின் குற்றம். பிறகு யார்தான் சொல்வார்கள்?

ஏழாவது அறிக்கை

அந்த வருஷ அறிக்கையில் 13 குறைகள் எழுதினேன். டிராயர் சாவி, இறந்தவர் எண், டிரிப் ஆன ஜெனரேட்டர், பேக்கப் ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டர் இருக்கிற அதே பீரோவில் இருப்பது, அதிலிருந்து கணக்கைத் திரும்ப ஏற்றிப் பார்க்கப் போனால் பாஸ்வேர்டு வேலையை விட்டுப் போன பையனிடம் இருப்பது, சம்பளம் போடுகிற ஓடிபி என் ஒருவன் செல்லுக்கு மட்டும் வருவது. பதிமூன்றாவதாக, ‘இலையை மறுக்கும் அதிகாரம் யாருக்கும் தரப்படவில்லை’ என்று எழுதினேன். முதலாளி படித்துவிட்டு, ‘பழைய மாதிரியே எழுதியிருக்கலாமே’ என்றார். நியாயமான கேள்வி போலத்தான் தோன்றியது.

திட்டத்தையும் ஒத்திகைகளையும் சரிபார்க்கிற ஆடிட்டர் வந்தார். முதல் ஆறு அறிக்கைகளை இரண்டு நிமிஷத்தில் புரட்டி டிக் அடித்தார். ஏழாவதை அரை மணி நேரம் படித்தார். பாராட்டுவார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. பதிமூன்றில் எட்டுதான் சரிசெய்யப்பட்டிருக்கின்றன, ஐந்து குறித்த கெடுவுக்குள் முடிக்கப்படவில்லை என்று எங்கள் மீது ஒரு குறைபாடு பதிவு செய்துவிட்டுப் போனார். விதிப்படி அவர் செய்தது சரிதான். தொடர்ச்சித் திட்டங்களுக்கான ஐஎஸ்ஓ 22301 என்கிற தரநிலையே, பயிற்சி முடிந்ததும் முடிவுகளையும் செய்ய வேண்டிய திருத்தங்களையும் எழுதி வை, அதன்படி செய் என்றுதான் சொல்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரே போட்டோவை இரண்டு வருஷம் ஒட்டியபோது எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நிஜத்தை எழுதிய வருஷம் குட்டு வாங்கினோம். அடுத்த மேஜையில் இருக்கிற சின்னப் பையன் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வான் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

மீதி ஐந்தில் நாலை அதற்கப்புறம் முடித்தோம். பதிமூன்றாவதற்கு மட்டும் மூன்று மாதம் ஆனது. கடைசியில் முதலாளி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்: கரண்ட் இல்லாமல் எட்டுத் தொட்டிக்கு மேல் நிறைந்திருந்தால், என்னைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால், எடை மேஜையில் இருப்பவர் இலையை நிறுத்தலாம். எடை மேஜையில் இருப்பவர் என்றால் அந்த அக்காதான். டீ மேக்கர் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்ப் போனை அணைத்துவிட்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதுவும் எங்கள் வெள்ளோட்டத்தில் ஒன்று, ஃபிட்டர் அண்ணனுக்கு மட்டும் தெரியும். அவர் மெயினை இறக்குவார் என்று பேச்சு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ஐந்து டீ குடித்தேன். எங்கள் தூளாக இருக்காது என்று நம்புகிறேன். கை போனுக்குப் போய்ப் போய் வந்தது. போனை மறுபடி போட்டபோது வந்த செய்தியில் தவறிய அழைப்பு ஒன்றே ஒன்று, வீட்டிலிருந்து, கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்லி. மேலே எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

போன ஐப்பசியில் நிஜமாகவே வந்தது. இந்தப் பக்கம் எங்களுக்கு வடகிழக்குதான் மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. கொட்டியபோது அந்த மேற்குச் சரிவுக்காரர்கள் பட்டதை, நாங்கள் ஐப்பசி கார்த்திகையில் எங்கள் அளவுக்குப் படுவோம். நான் ஒரு கல்யாணத்துக்குக் காரமடை போயிருந்தேன். மதியத்துக்கு மேல் மலையில் சீகை மரங்கள் விழுந்து சாலை அடைபட்டது, கரண்ட் போனது, ஒரு மணி நேரத்தில் செல் டவரும் போனது. சாவி ஆணியில் இருந்தது. விசிறிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள், ஜெனரேட்டர் தாங்கியது. டிரையர்மேன் தீயை இழுத்துவிட்டிருந்தார். சாயங்கால வண்டி வந்தது. ஒன்பது தொட்டி நிறைந்திருந்தது. அக்கா தாளைப் பார்க்கவில்லையாம், எடை மேஜைத் தராசின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு, ‘இன்னிக்கு இலை இல்லை, போயிட்டு வாங்க’ என்று சொல்லிவிட்டார். ஏஜென்ட் கத்தியிருக்கிறான். அக்கா பதிலுக்குக் கத்தவில்லை, சாக்கை எடுக்கவும் இல்லை.

ஒன்றரை மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது.

அன்றைக்கு அந்த 3,000 கிலோவை எடுத்திருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. மறுநாள் மத்தியானம் நான் மேலே வந்து சேர்ந்தபோது முதலாளி முதலில் சொன்னது இதைத்தான். நான் தாளைக் காட்டினேன். அவர் தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஏஜென்ட் பக்கத்துத் தொழிற்சாலைக்கு இலை கொடுக்க ஆரம்பித்துவிட்டான், இன்னும் திரும்பி வரவில்லை. ‘அவன்கிட்டப் பேசினியா?’ என்று முதலாளி வாரம் ஒருமுறை என்னிடம் கேட்கிறார். அக்கா பக்கத்தில் இருக்கும்போது கேட்பதில்லை. அந்தத் தாளையும் இதுவரை திருப்பிக் கேட்கவில்லை.